மனைப்பிரிவு வருகிறதா? வரைபடத்தைப் பாருங்கள்

அறுவடை முடிந்த வயலில் ஒரு நாள் காலை பொக்லைன் வந்து நிற்கும். இரண்டே நாளில் வரப்புகள் மறைந்துவிடும். மூன்றாம் நாள் செம்மண் கொட்டி, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை வரிசையாக நடுவார்கள். சாலையோரம் ஒரு வளைவு, தோரணம், பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று சொல்லும் விளம்பரப் பலகை ஆகியவையும் வந்துவிடும். அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் விட, தண்ணீர் திருப்பப் போகும் பக்கத்து வயல்காரருக்கு அப்போதுதான் மடையும் காணோம், மடைக்கு வந்த வாய்க்காலும் காணோம் என்பது தெரியவரும்.

நகரங்களை அடுத்தும், நால்வழிச் சாலைகளை ஒட்டியும் உள்ள ஊர்களில் இது அன்றாடக் காட்சியாகிவிட்டது. நிலத்தை விற்பது அவரவர் உரிமை. கட்டுப்படியாகாத சாகுபடியை எத்தனை ஆண்டுதான் ஒருவர் தாங்குவார்? விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு வயல் மனையாகும்போது விற்றவர், வாங்கியவர் என்ற இருவரோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பக்கத்தில் தொடர்ந்து பயிர் செய்யப் போகிறவரும், அந்த ஊராட்சியில் வரி கட்டும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

மனைப்பிரிவு என்றால் வீடு கட்டும் இடம் மட்டும் அன்று. சாலை வேண்டும், மழைநீர் போக வழி வேண்டும், குடிநீர் வேண்டும், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும், பின்னால் ஒரு மேல்நிலைத் தொட்டியோ அங்கன்வாடியோ கட்ட இரண்டு சென்ட் பொது இடமாவது வேண்டும். இவற்றுக்கு இடம் விடாமல் மனைகளை விற்றுவிட்டு ஒருவர் போய்விட்டால், பத்து ஆண்டு கழித்து அங்கே குடியேறிய மக்கள் ஊராட்சியின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். சாலை போடப் பணம் தேடலாம். இல்லாத இடத்தை எங்கே தேடுவது?

சட்டம் கேட்பது என்ன?

இதற்காகவே 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கு முன்னரே அனுமதி பெற்றாக வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், ஏனைய இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையும் வரைபடத்தை ஆய்வு செய்கின்றன. நஞ்சை நிலமானால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். தலைவரின் முத்திரை மட்டும் குத்திய வரைபடத்தைக் காட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி மனை விற்ற காலம் ஒன்று உண்டு. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாத அத்தகைய முத்திரை மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது.

எவ்வளவு பொது இடம் விட வேண்டும் என்பதை, 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கூறுகின்றன. 3,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 74 சென்ட் வரை உள்ள இடத்துக்குத் திறந்தவெளி ஒதுக்கீடு இல்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட் வரை, 10 சதவீதத்தை இடமாகக் கொடுக்கலாம். அல்லது அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது. சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தை இடமாகவே விட வேண்டும். இது தவிர, பொதுப் பயனுக்கென்று உள்ளாட்சிக்கு அரை சதவீதமும் மின் வாரியத்துக்கு அரை சதவீதமும் ஒதுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 ஏக்கர் நஞ்சை மனைப்பிரிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 சென்ட். சாலைகளுக்கு 150 சென்ட் போனால் மீதம் 350 சென்ட். இதில் 10 சதவீதம் 35 சென்ட். இதுதான் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரிய இடம். மேலும் மூன்றரை சென்ட் மேல்நிலைத் தொட்டி, மின்மாற்றி போன்றவற்றுக்கு. 35 சென்ட் என்பது 15,000 சதுர அடிக்குச் சற்று அதிகம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையாகப் போட்டால் 12 மனைகள் விற்கலாம். ஒவ்வொரு மனையும் என்ன விலை போகும் என்பதை நினைத்தால், பூங்கா இடத்தின்மேல் ஏன் இத்தனை கண் என்பது விளங்கும்.

பத்திரம் யார் பெயரில்?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டி 'பூங்கா' என்று எழுதிவிட்டால் மட்டும் அது ஊர்ச் சொத்தாகிவிடாது. சாலைகளையும் திறந்தவெளியையும் உள்ளாட்சியின் பெயருக்குப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவான பின்னரே இறுதி அனுமதி கொடுக்கப்பட வேண்டும் என்பது முறை. பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். வருவாய்க் கணக்கில் பெயர் மாற வேண்டும். நான்கு மூலையிலும் கல் நட வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும், சில ஆண்டுகளில் அந்த இடம் பழைய பட்டாதாரர் பெயரிலேயே இருப்பதாகக் காட்டி யாரேனும் விற்கப் பார்ப்பார்கள். இடம் ஊராட்சியுடையது என்று மெய்ப்பிக்க அதன் பிறகு ஊரார் வழக்கு மன்றம் ஏற வேண்டியிருக்கும்.

பூங்கா இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருந்துள்ளன. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவமனையும் நல்ல காரியந்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அந்தப் பகுதியில் குடியிருப்போரே வழக்குத் தொடுக்கலாம் என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. தமிழ்நாட்டின் 10 சதவீத ஒதுக்கீட்டு விதியும் செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தப்பிக்கும் வழிகள்

விதி இருந்தால் அதைச் சுற்றிப் போகும் வழியும் இருக்கும். அந்த 5 ஏக்கரையே 70 சென்ட், 70 சென்ட்டாக ஏழு பேர் பெயரில் எழுதிக்கொண்டால், ஒவ்வொன்றும் 3,000 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். தரையில் பார்த்தால் ஒரே சாலை, ஒரே வளைவு, ஒரே விளம்பரம். காகிதத்தில் மட்டும் ஏழு தனி மனைப்பிரிவுகள். ஒன்றிலும் பூங்கா இல்லை. வேறு சிலர் மனை என்றே சொல்லாமல் 'பண்ணை நிலம்' என்று 10 சென்ட், 15 சென்ட்டாக விற்கிறார்கள். நாலு தென்னங்கன்று நட்டு வேலி போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே வீடு கட்டப் போகும்போதுதான் வாங்கியவருக்குத் தொல்லை தொடங்கும்.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 9.9.2016 அன்று தடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விவசாய நிலத்தை அனுமதியின்றி மனையாக மாற்றி எழுதும் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். முன்னரே மனையாகப் பதிவாகியிருந்தால் மட்டும் விலக்கு. அதற்கு முன் விற்பனையான பிரிவுகளுக்காக 2017இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதில் கட்டணம் செலுத்தி மனையை வரன்முறைப்படுத்தலாம். ஏழை எளியோர் பலருக்கு இதனால் வழி பிறந்தது என்பது உண்மை. ஆனால் கட்டணமாக வரும் பணம், விட்டுப்போன பூங்காவை அந்த இடத்தில் உண்டாக்கித் தராது. அகலமில்லாத தெருவையும் அகலமாக்காது. ஏரி, வாய்க்கால், ஆறு போன்ற நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு இத்திட்டத்திலும் இடமில்லை என்பதை வாங்குவோர் மறக்கலாகாது.

வாய்க்காலும் வண்டிப்பாதையும்

விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான். வாய்க்காலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் தனிப் புல எண்ணோடு வாய்க்கால் புறம்போக்காகக் குறிக்கப்பட்டது. இது அரசுடையது, யார் நிலத்தை வாங்கினாலும் இது அவர்களுக்குப் போகாது. மூடினால் வட்டாட்சியரிடம் புகார் செய்து திறக்க வைக்கலாம். மற்றொன்று, பட்டா நிலத்தின் ஊடே வழக்கத்தால் ஓடும் சிறு வாய்க்கால். மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் பேசி வைத்துக்கொண்டு, இரண்டு தலைமுறையாக வெட்டிப் பராமரித்து வருவது. இதற்கு வரைபடத்தில் கோடு கிடையாது. மனைப்பிரிவு போடுகிறவர் கண்ணுக்கு இது வெறும் பள்ளம். முதலில் தூர்க்கப்படுவது இதுதான். வண்டிப்பாதைக்கும் இதே கதைதான்.

வரைபடத்தில் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் பிறர் நிலத்தின் வழியாகப் பாதையையோ நீரையோ 20 ஆண்டுகள் வெளிப்படையாக, இடையறாது, உரிமையாக அனுபவித்து வந்திருந்தால் அந்த உரிமை நிலைபெற்றுவிடும். நிலம் கை மாறினாலும் உரிமை போகாது. அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். ஆனால் இதில் ஒரு கெடு இருக்கிறது. அந்த 20 ஆண்டு அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். பாதையை அடைத்த பின், 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம், புதிதாக வந்தவர் நல்லவராகத் தெரிகிறார்' என்று மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டால், நல்லவர் நல்லவராகவே இருப்பார். உரிமை கைவிட்டுப் போயிருக்கும். பேசுவதைப் பேசலாம். நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வடிகால். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்வது அதிசயமன்று. அந்த 5 ஏக்கரில் அன்றைக்கு விழும் நீர் 20 லட்சம் லிட்டர். வயலாக இருந்தவரை வரப்புகள் இந்த நீரைத் தேக்கி வைத்திருக்கும். மண்ணும் கொஞ்சம் குடிக்கும். மீதி மெல்ல வடியும். கூரையும் சிமெண்டுச் சாலையும் வந்தபின் பெரும் பகுதி அப்போதைக்கப்போதே ஓடிவரும். அதோடு, மனைப்பிரிவுக்காக இரண்டடி மூன்றடி மண் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். தாழ்ந்து கிடப்பது பக்கத்து வயல்தான். கதிர் வாங்கும் பருவத்தில் நெல் ஒரு வாரம் நீரில் நின்றால் என்ன மிஞ்சும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழிவுநீர் இதைவிடச் சங்கடமானது. மலக்குழியின் கழிவுநீரை உறிஞ்சும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 59 அடி இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனம் கூறுகிறது. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் உள்ள தூரமே 50 அடிதான். ஆகவே அப்படிப்பட்ட மனைக்குள் இரண்டையும் அமைத்து இந்த இடைவெளியை விடவே முடியாது. பொதுக் குடிநீர்க் குழாய் இல்லாத மனைப்பிரிவில் ஒவ்வொரு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு, அதன் பக்கத்திலேயே உறிஞ்சு குழி என்றுதான் ஆகும். அதே நிலத்தடி நீரைத்தான் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் இறைக்கிறது. வரைபடத்தில் மேல்நிலைத் தொட்டிக்கு இடம் விட்டிருக்கிறதா என்று விவசாயி பார்ப்பது பிறர் காரியத்தில் தலையிடுவது ஆகாது.

நிலம் கொடுப்பவருக்கு

சில இடங்களில் விவசாயி நிலத்தை நேரே விற்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். மனைகள் விற்க விற்க மீதிப் பணம் வரும் என்பது ஒப்பந்தம். இதில் நிலம் கடைசி வரை விவசாயி பெயரில்தான் இருக்கிறது. முகவர் அனுமதியின்றி மனை விற்றாலும், பூங்கா இடத்தைச் சேர்த்து விற்றாலும், நோட்டீஸ் வருவது பட்டாதாரருக்கே. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும், மனைகளை உருவாக்குபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவரும் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. திட்டப் பகுதியில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மனைப்பிரிவு எதுவானாலும் இச்சட்டத்தின்கீழ் பதிவு செய்த பின்னரே விளம்பரம் செய்யலாம். பதிவு எண் இல்லாத விளம்பரப் பலகையைக் கண்டால் நிலம் கொடுப்பவரும் மனை வாங்குபவரும் சற்று நின்று யோசிப்பது நலம்.

அதிகாரப் பத்திரம் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில், அனுமதி பெற்ற பின்னரே விற்கலாம், தானப் பத்திரத்தில் உரிமையாளர் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும் என்ற இரண்டு வரிகளையாவது அதில் சேர்க்கச் சொல்ல வேண்டும். எழுதுபவர் 'அதெல்லாம் வழக்கமில்லை' என்பார். வழக்கமில்லாவிட்டாலும் சட்டத்தில் தடையில்லை.

எப்போது, யாரிடம்?

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி அனுமதியற்ற மேம்பாட்டை அகற்ற நோட்டீஸ் கொடுக்கலாம். 57ஆம் பிரிவின்படி நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தலாம். இரண்டில் விவசாயிக்கு உதவுவது 57தான். கல் மட்டும் நட்டிருக்கும்போது நிறுத்துவது சுலபம். அங்கே பத்துக் குடும்பம் வீடு கட்டி, மின் இணைப்பும் வாங்கிய பின், எந்த அதிகாரி வந்து இடிப்பார்? இடிக்கத்தான் வேண்டும் என்று யார் மனம் துணிந்து சொல்வார்கள்? சட்டத்தை மீறியவர் பணத்தோடு போயிருப்பார்; அகப்படுவது கடன் வாங்கி வீடு கட்டியவர்தான். சட்ட அமலாக்கம் பல ஊர்களில் தோற்பதற்கு அதிகாரிகளின் மெத்தனம் ஒரு காரணம். புகார் காலம் கடந்து வருவது மற்றொரு காரணம்.

ஆகவே பொக்லைன் வந்த அன்றே சில வேலைகளைச் செய்துவிட வேண்டும். வாய்க்கால், பாதை, மடை ஆகியவற்றை மூடும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும்; இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டுக்கொண்டு, அந்தப் புலத்துக்கும் தம் புலத்துக்கும் உரிய புல வரைபட நகலைப் பெற வேண்டும். பாசனம் பெறும் விவசாயிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும், வட்டாட்சியருக்கும், ஊராட்சிக்கும் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். நீர்வளத் துறையின் வாய்க்காலானால் அத்துறையின் உதவிப் பொறியாளருக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் இதை எழுப்பலாம். 'ஊரில் அநியாயம் நடக்கிறது' என்று எழுதும் மனுவுக்குப் பயன் குறைவு. புல எண், வாய்க்காலின் நீள அகலம், அதனால் பாயும் ஏக்கர், வேலை தொடங்கிய தேதி ஆகிய நான்கும் இருந்தால் அந்த மனுவை எளிதில் ஓரம் கட்ட முடியாது.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி எல்லைக்குள் உள்ள மனைப்பிரிவுகள் எத்தனை, அவற்றில் தானப் பத்திரம் பதிவானவை எவை, பூங்கா இடங்கள் சொத்துப் பதிவேட்டில் ஏறியுள்ளனவா என்று சபையில் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு செய்து, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் எண்ணையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பத்திர எண் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் போட்டுப் பார்த்துவிடலாம்.

வரைபட நகல் கைக்கு வந்ததும், மழைநீர் வடிகாலின் கோடு எங்கே போய் முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஓடையிலோ, வடிகால் வாய்க்காலிலோ, ஏரியிலோ போய்ச் சேர்ந்தால் சரி. மனைப்பிரிவின் எல்லைக் கோட்டோடு நின்றுவிட்டால், அந்த இடத்தில் தம் வயலின் புல எண்ணைக் குறித்து, அதே வாரத்தில் ஆட்சேபணை மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட வேண்டும்.